ஈசான மூலைச் செப்புத் தகடு

வெள்ளிக்கிழமை காலை வனஜா கண் விழிப்பதற்கு முன்பே அவள் கோபம் எழுந்து உட்கார்ந்திருந்தது. சாதாரணமாக அவள் கோபமெல்லாம் அடுப்பில் பால் பொங்கும் வரைக்கும்தான். இந்தக் கோபம் ஒரு வாரமாகியும் ஆறவில்லை.

காரணம் கோவிந்தராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் கணவர் பாஸ்கரன் நடத்தும் பட்டறையின் மூத்த வெல்டர். அந்தப் பட்டறையில் செய்வதெல்லாம் கழுவும் மெஷின்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கியரையும் போல்ட்டையும் உள்ளே வைத்தால், கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பளிச்சென்று திருப்பிக் கொடுக்கும். அப்படி ஒரு மெஷின் பூந்தமல்லிப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் போன வாரம் தொட்டி ஓட்டையாகிக் கொட்டிவிட்டது. கொட்டிய இடத்தில் தீபிகா நின்றிருந்தாள். ஒப்பந்த வேலைக்கு வரும் பெண், தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அந்தக் காலைப் பார்த்துவிட்டு வந்த வனஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பட்டறைக்குத் திரும்பி வந்த தொட்டியைப் பார்த்துவிட்டு, வெல்டிங் விட்டுப்போய்விட்டது என்று மகன் விக்ரம் சொன்னான். பாஸ்கரன் எதுவும் சொல்லவில்லை. மறுநாளே கோவிந்தராஜை இனி வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு காலம் நம் உப்பைத் தின்றவன், இப்படி அசட்டையாக இருந்துவிட்டானே என்று வனஜா வீட்டிலிருந்தபடியே அவனைத் திட்டித் தீர்த்தாள்.

பாஸ்கரனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லியாக வேண்டிய இடம் வந்தால் தலைவலி என்று போய்ப் படுத்துக்கொள்வார். அந்த வாரம் முழுக்க அவருக்கு ஓயாத தலைவலி. வேறு சமயமாக இருந்தால் வனஜா நொடியில் பிடித்திருப்பாள். கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

மேனாம்பேட்டு வீட்டின் பின்கட்டில் மருமகள் ரேவதி பூஜைச் சாமான்களை விளக்கிக்கொண்டிருந்தாள். புளியும் உப்பும் கரைத்த சுடுதண்ணீரை அலுமினியக் குண்டானில் ஊற்றி, செப்புச் சொம்பையும் தட்டையும் இரவே ஊறப்போட்டு வைப்பது அந்த வீட்டு வழக்கம்.

"அத்தை, இந்தக் குண்டானும் போச்சு. ஒழுகுது பாருங்க."

வனஜா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சொம்பு உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பொடிப்பொடி ஓட்டைகள். சொம்பு மட்டும் மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. பாத்திரக்காரன் காகிதம் மாதிரி மெல்லிசாகப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று அவனுக்கும் நாலு வசவு விழுந்தது. இதற்கு முந்தைய குண்டானும் இப்படித்தான் போனது. அப்போதும் பாத்திரக்காரனைத்தான் திட்டினாள்.

ரேவதி அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஆவடிக்குக் கிளம்பினாள். அவள் அப்பா சுப்பராயன் ராணுவத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற கையோடு சமையல் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தவர். மறுநாள் பெரிய இடத்துக் கல்யாணம், கூடமாட ஒத்தாசைக்கு மகளை வரச் சொல்லியிருந்தார். அங்கே அண்டா குண்டா கழுவுவதற்கும் பாஸ்கரனின் மெஷின்தான். சம்பந்தி வீடாயிற்றே என்று அவர் லாபம் பார்க்காமல் செய்து கொடுத்தது. வனஜாவும் தன் பங்குக்கு, மற்ற மெஷின்களுக்கு வைப்பதைவிட இரண்டு மடங்கு பெரிய தகடாகப் பார்த்து வைத்திருந்தாள்.

தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையிலிருந்து ஒரு மெஷின் வெளியே போகும் நாளில் வனஜா திருவேற்காடு கோயிலுக்குப் போவாள். யந்திரக் கோடு போட்ட ஒரு செப்புத் தகட்டை அம்மன் பாதத்தில் வைத்து வாங்கி வருவாள். முன்பெல்லாம் அதை மெஷினின் வெளிப்பலகையில் ஒட்டினார்கள். கம்பெனி ஆட்களின் எண்ணெய்க் கையும் செருப்புக் காலும் அதன்மேல் படுகிறது என்று தெரிந்ததும், போன வருஷம் அவள் உத்தரவை மாற்றினாள். தொட்டிக்கு உள்ளே, தண்ணீர் நிற்கும் இடத்தில், ஈசான மூலையில் பற்றவைக்க வேண்டும். லாரியில் ஏறி இறங்கிய பிறகு அந்த மூலை எந்தத் திசையைப் பார்க்கும் என்று அவளிடம் கேட்கும் தைரியம் பட்டறையில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அன்றும் ஒரு புது மெஷின் கிளம்ப வேண்டியிருந்தது. கோயிலுக்குப் புறப்பட்டுக் கேட்டைத் திறந்தால், எதிரே கோவிந்தராஜ் நின்றிருந்தான். முகத்தில் ஒரு வாரத்துத் தாடி.

அவள் பேசாமல் தாண்டிப் போகப் பார்த்தாள்.

"அண்ணி, வேல கேட்டு வர்ல. ஒரே ஒரு வார்த்த. வெல்டு உட்டுச்சுன்னா அது நான் உட்டதுதான், ஒத்துக்கிறேன். எந்த ஜாயின்ட்டுல உட்டுச்சுன்னு காட்டுங்கன்னு கேட்டா, தொட்டிய தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிக்கினு கீறாங்க. கிட்டயே போவ உடமாட்டேன்றாரு விக்ரமு."

"அந்தப் பொண்ணு காலைப் போய்ப் பாத்தியா நீ?" என்றாள் வனஜா.

"தெனம் போறேன் அண்ணி. ஆஸ்பத்திரி கேட்டாண்ட நிக்கிறதோட சரி. உள்ள போவ மூஞ்சி இல்ல."

எஸ்டேட்டில் நாலைந்து இடத்தில் வேலை கேட்டானாம். எல்லா இடத்திலும் சமாசாரம் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பெண் காலை வேகவைத்தவன் தானே என்று முகத்துக்கு நேரே கேட்டார்களாம். அதைச் சொல்லும்போதுகூட அவன் குரல் உயரவில்லை. வனஜாவுக்குத்தான் என்னவோ போலாகிவிட்டது. பார்க்கலாம் என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

கோயிலில் நின்றபோதும் சாமி மேல் மனம் நிற்கவில்லை. செத்த பாம்பா அது, தார்ப்பாய் போட்டு மூடி வைக்க? உடைந்த இடத்தைச் செய்தவனுக்குக் காட்டினால்தானே அடுத்த தடவை ஒழுங்காகச் செய்வான்?

பட்டறை வாசலில் லாரி தயாராக நின்றது. மெஷினுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பாஸ்கரன் ஆபீஸ் அறையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விக்ரம் தாயிடமிருந்து தகட்டை அவசரமாக வாங்கிக்கொண்டான்.

"இதை வெளியிலயே ஒட்டிடலாம்மா. உள்ள வேணாம்."

"ஏன்?"

புது வெல்டருக்குச் செம்பைப் பற்றவைக்க வராது என்றான். லாரிக்காரன் கத்துகிறான் என்றான். காலம் மாறிவிட்டது, தகடு வெளியே இருந்தால்தான் எல்லாரும் கும்பிடுவார்கள் என்றான். ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லியிருந்தால் வனஜா நம்பியிருப்பாள். மூன்று பதில் சொன்னதுதான் அவன் செய்த தப்பு.

அவள் விறுவிறுவென்று பட்டறையின் பின்புறம் போனாள். விக்ரம் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். திரும்பிப் பார்க்காமல் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்து, செல்போன் விளக்கைப் போட்டுத் தொட்டிக்குள் குனிந்தாள்.

வெல்டிங் தெரியாதவளா அவள்? பட்டறை ஆரம்பித்த புதிதில், ஆளுக்கு வழியில்லாத நாளில், இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். நாலு பக்கத்து வெல்டிங்கும் போட்டது போட்டபடி கெட்டியாக இருந்தது. ஒரு இடத்தில்கூடப் பிளவில்லை.

ஈசான மூலைக்கு விளக்கைத் திருப்பினாள். அவளே நின்று விரல் நீட்டிக் காட்டிய இடம். தகட்டைக் காணோம். உளியால் நெம்பி எடுத்த கீறல்கள் மட்டும் இருந்தன. தகடு இருந்த சதுரத்தின் நாலு முனையிலும் இரும்பு அரித்துப் போயிருந்தது. மூன்றில் ஊசி நுழையும் துளை. நாலாவதில் அவள் கட்டைவிரலே நுழைந்தது.

விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். விக்ரமும் உள்ளே நுழைந்துகொண்டான்.

"என் தகடு எங்கங்க?"

பாஸ்கரன் அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்ததை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பொய் சொல்லத் தெரியாதவரிடம் நேராகக் கேட்டால் இதுதான் நடக்கும். இந்த ஒரு வாரத்தில் யாரும் நேராகக் கேட்கவில்லை.

உளி பட்ட ஓரங்களைத் தவிர, தகட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. யந்திரக் கோடுகள் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தன.

"இரும்பும் செம்பும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, சூடான உப்புத் தண்ணியில நின்னா, இரும்பு கரையும் வனஜா. செம்புக்கு ஒண்ணும் ஆவாது. நம்ம பக்கத்து போர் தண்ணியில இருக்கிற உப்பே போதும். தொட்டி முழுக்க பெயிண்ட் இருந்துச்சு, அதனால மத்த எடம் தப்பிச்சுது. தகட்ட பத்தவெச்ச சூட்டுல அந்த நாலு மொனையில பெயிண்ட் கருகிடுச்சு. மேல சும்மா பூசி விட்டோம், அது நிக்கல. திங்கிறதெல்லாம் அந்த நாலு எடத்துலயே தின்னுடுச்சு."

வனஜாவுக்குக் காலையில் பார்த்த குண்டான் ஞாபகம் வந்தது. புளி, உப்பு, சுடுதண்ணீர். நடுவில் மினுங்கிய சொம்பு. இரண்டு குண்டான் ஓட்டையான பிறகும் பாத்திரக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

தொட்டி திரும்பி வந்த அன்றே தெரியும் என்றார் பாஸ்கரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரிஞ்சேதான் கோவிந்தராஜை அனுப்புனீங்களா?"

பதில் விக்ரமிடமிருந்து வந்தது. நன்றாக யோசித்து வைத்திருந்த பதில். வெல்டிங் என்றால் ஒரு மெஷினோடு போய்விடும், தப்பு செய்த ஆளை நிறுத்தியாயிற்று என்று கம்பெனிக்காரர்களும் சமாதானமாவார்கள். தகடு என்று வாயைத் திறந்தால், போன வருஷத்திலிருந்து வெளியே போன அத்தனை மெஷினையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். அப்புறம் எஸ்டேட்டில் யார் நம்மிடம் ஆர்டர் கொடுப்பான்? ஒவ்வொன்றாக சர்வீஸ் என்று சொல்லிச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தானாம். கடைசியாகத் தாயின் பக்கம் திரும்பினான்.

"எல்லாத்துக்கும் மேல உன் பேரு இருக்கும்மா. நீ வெச்ச தகட்டால ஒரு பொண்ணு கால் வெந்துச்சுன்னு ஊரெல்லாம் பேசணுமா?"

வனஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு வாரமாக யார் மேலோ வைத்திருந்த கோபம், இப்போதுதான் தன் சொந்த விலாசத்தைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தது.

"என் பேரைக் காப்பாத்த அவன் பேரை எடுத்துக்கிட்டீங்க. அவன் தினம் ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கிறாண்டா. தான் செய்யாததுக்கு. உள்ள போக மூஞ்சி இல்லைன்னு சொல்றான். உங்க ரெண்டு பேருக்கும் எப்படிடா மூஞ்சி இருந்தது, உள்ள போய் அந்தப் பொண்ணுகிட்ட ஆரஞ்சுப் பழம் குடுக்க?"

விக்ரம் செய்தித்தாளை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

"நீங்க டிப்ளமா படிச்சவர்தானே?" என்று கணவரிடம் திரும்பினாள். "உள்ள வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கே ஏன் சொல்லல?"

பாஸ்கரன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவ வாயெடுத்தேன் வனஜா. தொட்டிக்குள்ள வேணாமேன்னு. அம்மன் பேர்ல குத்தம் சொல்றேன்னு சொல்லி நாலு நாள் நீ என்கூட பேசல. உன்கிட்ட யாரால பேச முடியுது?"

அந்த நாலு நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தான் ஜெயித்த நாட்கள் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தாள். தன் வார்த்தைக்கு வீட்டிலும் பட்டறையிலும் எதிர்வார்த்தை இல்லாததை மரியாதை என்று நினைத்திருந்தாள். இல்லை, எல்லாரும் பயந்து ஒதுங்கியிருக்கிறார்கள். அந்தப் பயத்தில் ஒரு பெண்ணின் கால் வெந்திருக்கிறது.

"நான் பேசலைன்னா என்ன, குடி முழுகிடுமா?" என்றாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நாலு மாசம் பேசாமலே இருந்திருப்பேன், அவ்வளவுதானே. நீங்க பிடிவாதமா நின்னிருக்கணும்."

அந்த நேரம் பார்த்து வெளியே ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. பூந்தமல்லிக் கம்பெனியின் மேனேஜர் முகமது ஆசிக். விஷயத்தை முடித்துக்கொள்ள அன்று வருவதாக முன்பே சொல்லியிருந்தார். தொட்டி ஓட்டையானது எப்படி, இனி அப்படி ஆகாது என்பதற்கு என்ன உறுதி, இரண்டையும் பாஸ்கரன் வாயாலேயே கேட்டுக்கொண்டு போக வந்திருந்தார். விக்ரம் அவசரமாகத் தகட்டைச் செய்தித்தாளில் சுற்றப் போனான். வனஜா அதன்மேல் கையை வைத்தாள்.

"அம்மா, நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டது போதும்."

ஆசிக் உள்ளே வந்து உட்கார்ந்தார். நிதானமான மனிதர். தீபிகாவுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். பிறகு, அந்த வெல்டர் விஷயம் என்ன ஆனது என்று கேட்டார். விக்ரம் தொண்டையைச் செருமினான்.

வனஜா முந்திக்கொண்டு தகட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"வெல்டர் மேல தப்பில்ல சார். வெல்டிங் அப்படியே இருக்கு, பின்னாடி தொட்டி இருக்கு, நீங்களே பாருங்க. இந்தச் செம்பைத் தொட்டிக்குள்ள வைக்கச் சொன்னது நான். பக்கத்துல இருந்த இரும்பை இதுதான் தின்னுடுச்சு. அது தெரிஞ்ச பிறகும் பழியைத் தூக்கி அவன் மேல போட்டது இவங்க ரெண்டு பேரும்."

விக்ரமின் முகம் செத்துப்போயிற்று. பாஸ்கரன் மறுக்கவில்லை. ஆமாம் சார், என்றார். அந்த ஒரு வார்த்தை சொன்னதும் கையை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தார்.

ஆசிக் தகட்டைத் தொடவில்லை.  கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள், அவர் கத்தவில்லை. வெல்டரை முதலில் கூப்பிடுங்கள் என்றார்.

"நீயே போய்க் கூட்டிக்கிட்டு வா," என்று வனஜா மகனிடம் சொன்னாள். "ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பான். உன் வண்டியில உக்கார வெச்சு, உள்ள அழைச்சிட்டுப் போய், அந்தப் பொண்ணுகிட்ட நடந்ததைச் சொல்லிட்டு அப்புறம் இங்க வா."

விக்ரம் எழுந்தான். ஆனால் ஆசிக் கேட்ட அடுத்த கேள்வி அவனைக் கதவருகிலேயே நிறுத்திவிட்டது.

"இதே மாதிரி தகடு வேற எந்தெந்த மெஷின்ல இருக்கு சார்?"

பாஸ்கரன் ஒவ்வொன்றாகச் சொன்னார். அயனம்பாக்கத்தில் ஒன்று, திருமுல்லைவாயிலில் ஒன்று. வாசலில் நிற்கும் புது மெஷினில் இன்னும் வைக்கவில்லை. எல்லாருக்கும் இப்போதே போன் போட்டு நிறுத்தச் சொல்கிறேன் என்றார். எல்லாம் ஒரே அளவுத் தகடுதானா என்று ஆசிக் கேட்டார்.

"ஒரே அளவுதான் சார். செம்பு பெருசாச்சுன்னா இரும்பு இன்னும் சீக்கிரம்..."

பாஸ்கரன் பாதியில் நிறுத்திவிட்டு வனஜாவைப் பார்த்தார். வனஜா ஏற்கனவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மடங்குத் தகடு. சம்பந்தி வீட்டு மெஷின். அங்கே கழுவுவது சாம்பார் அண்டாவும் ரசக் குண்டானும், அத்தனையும் புளியும் உப்பும்.

"ஆவடி மெஷினைப் பத்தி நீ யோசிக்கவே இல்லையாடா?" என்றாள் மகனிடம்.

விக்ரம் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "யோசிச்சேம்மா. அது கடைசியா குடுத்த மெஷின். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு... நாளைக்குக் கல்யாணம் முடியட்டும், மாமாவுக்குத் தெரியாம ஞாயித்துக்கிழமை போய்..."

அவனை அடிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. செல்போனை எடுத்து சுப்பராயன் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தமும், மெஷின் ஓடும் இரைச்சலும் கேட்டன.

"சம்பந்தி, மெஷினை நிறுத்துங்க. உடனே நிறுத்துங்க."

"சம்பந்தியம்மா, நீங்களா? சொல்லுங்க சொல்லுங்க." அவருக்குக் காதில் சரியாக விழவில்லை. உற்சாகமாகப் பேசினார். "காலையிலேருந்து ஓய்வில்லாம ஓடுது உங்க மெஷினு. ஒரே ஒரு மூலையில மட்டும் நேத்துலேருந்து சொட்டிக்கிட்டே இருக்கு. அதெல்லாம் ஒண்ணும் பெருசில்ல. பசையை வெச்சு அழுத்திட்டா நின்னுடும்னு ரேவதி சொன்னா. அதோ, அவதான் பக்கத்துல குந்திக்கிட்டு அழுத்திக்கிட்டு இருக்கா. போனைக் குடுக்கட்டுங்களா?"